வெற்றுக் கட்டம்

ஒரு தரவுத்தளத்தில் உண்மை என்றால் உண்மை.
இன்னொன்றில் அது 1.
மூன்றாவதில் ஒற்றை எழுத்து,
அதன் பக்கத்தில் ஒன்பது வெற்றிடம்,
பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி.
நான்காவது எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.
எண் என்று எழுதிய பெட்டிக்குள்
'நாளைக்குச் சொல்றேன்' என்று போட்டாலும்
முகம் சுளிக்காது.

இந்த நான்குக்கும் நடுவில்
ஒரு நிரல் நூலகம்.
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசில்லை.
ஒருவர் கேட்கும் கேள்வியை
நான்கு பேருக்கும் புரிகிற மாதிரி திருப்பிச் சொல்லும்.
அதில் வகை மாற்றும் பகுதி என் பொறுப்பு,
ஆறு வருஷமாக, உத்தங்குடியில்,
பகல் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல்.
அதுல என்ன கிடைக்கும் என்று வீட்டுக்காரர் கேட்பார்.
ஒண்ணுமில்லை என்பேன்.
அந்த ஒண்ணுமில்லை எந்த வகை என்று
அவர் கேட்டதில்லை.

கேட்டது ஒச்சம்மாள்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில்
முபாரக் மண்டிக்குக் கணக்கு மென்பொருள் எழுதியவள்
என்னோடு படித்த லூர்து ஷீலா.
பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்கு
பெட்டி படுக்கையோடு அதைக் குடிமாற்றினாள்
ஒரு சனிக்கிழமை ராத்திரி.
விடியலில் மல்லி வந்தது.
மழையும் வந்தது.
ஆடி மாசம், முகூர்த்தம் கிடையாது,
வாங்க ஆள் இல்லை.
உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த சாக்கை
காசிவேல் தராசில் வைத்தான்: பதினொன்று நானூறு.
விலைக் கட்டத்தை வெறுமனே விட்டான்,
எப்போதும் விடுவதுபோல.

சீட்டு வந்தது:
எடை 11.3999996.
விலை 0.00.

ஒச்சம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளாம்.
"மிச்சத்தை எந்தத் தராசு தின்னுச்சு?
சரி, அது கெடக்கட்டும்.
இங்க என்ன முட்டை போட்டிருக்கு?
எம் பூ சும்மா போச்சா,
இல்ல இன்னும் வெலையே பேசலையா?
ரெண்டும் ஒண்ணாய்யா?"

காசிவேல் ஷீலாவைக் கூப்பிட,
ஷீலா என்னைக் கூப்பிட,
வாயில் நுரையோடு பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு
மடிக்கணினியைத் திறந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி.
என் கைதான்.
காலியும் இல்லாமையும் ஒன்றே என்று நம்பும்
அந்தப் பழைய தளத்துக்காக
மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் எழுதிய சமாதானம்:
வெறுமையாக வந்தால் சுழியம் என்று கொள்.
சோதனை விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது,
படுத்துத் தூங்கினேன்.

இல்லை வேறு, அல்ல வேறு,
தெரியாது வேறு, இன்னும் சொல்லவில்லை வேறு.
வாய் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.
விரல்தான்.

திருத்தம் எழுத நாற்பது நிமிஷம்.
எடைக்குத் தசமம், மிதவைப் புள்ளி வேண்டாம்.
விலை இல்லையென்றால் இல்லையாகவே போகட்டும்.
அதைச் சேர்ப்பதற்கு எட்டு நாள் வாக்குவாதம்.
பின்லாந்திலிருந்து ஐனோ எழுதினாள்:
பழைய சுழியத்தை நம்பி
எத்தனை நிரல்கள் ஓடுகின்றனவோ, தெரியுமா?
தெரியாது.
அவள் சொன்னதும் சரிதான், அதுதான் எரிச்சல்.
கடைசியில்
இந்த வெளியீட்டில் எச்சரிக்கை மட்டும்,
மாற்றம் அடுத்ததில் என்று முடிந்தது.
அதுவரை ஷீலா தன் பக்கம் ஒட்டுப் போட்டுக்கொண்டாள்.

சோதனைக் கோப்பில் புதிதாக ஒரு வரி:
பெயர் ஒச்சம்மாள், எடை 11.400, விலை -
பிறகு எதுவும் கிடையாது.
யார் எங்கே எதைத் திருத்தினாலும்
எங்கோ ஓர் இயந்திரம் நான்கு தளங்களிடமும்
அவள் விலையைக் கேட்கிறது.
வாய் திறக்காமல் இருந்தால் தேர்ச்சி.
மூன்று தேறிவிட்டன.
நான்காவது இன்றைக்கும்
அவள் பெயரைச் சொல்லி, வெற்றிடம் சேர்த்து,
எதையோ யோசிக்கிறது.

அன்று மதியமே விலை பேசியாயிற்று, கிலோ தொண்ணூறு.
கமிஷன் பத்து சதவீதம் போக
தொள்ளாயிரத்து இருபத்து மூன்று ரூபாய் நாற்பது காசு.
ஷீலா கையால் திருத்திய சீட்டில்
காசு பிசகாமல் விழுந்திருந்தது.
அந்த நாற்பது காசுக்கு
மார்க்கெட்டில் ஒருவரிடமும் சில்லறை இல்லை.